சந்தில் நின்ற கண்ணாடி பீரோ

உங்களில் யாராவது ஏலத்தில் சாமான் எடுத்திருக்கிறீர்களா? சீட்டு ஏலத்தைச் சொல்லவில்லை. திருவிழாவில் முதல் கரும்பை ஏலம் விடுவார்களே, அதையும் சொல்லவில்லை. ஒரு பெரிய கூடம் நிறைய, யார் யாரோ வாழ்ந்த வீடுகளின் சாமான்கள் கிடக்கும். கோட்டுப் போட்ட ஒருவர் மேசைமேல் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி விற்பார். அந்த ஏலம். பெங்களூரில் கண்டோன்மென்ட் பக்கம் வளர்ந்த என் வயதுக்காரர்கள் வாசலில் நின்றாவது எட்டிப் பார்த்திருப்பீர்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறேன். மொத்தம் இரண்டே ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் மத்தியானத்தில் கண் அசந்தால் இன்றைக்கும் அந்தக் கூடத்துக்குள்தான் போய் விழிக்கிறேன்.

எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். எங்கள் பக்கத்தில் அதற்கு அப்புறம் எல்லாரும் கிழவி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். நான் சொல்லப்போவது தொண்ணூற்று இரண்டாம் வருஷத்து மழைக்காலம். எனக்குப் பதின்மூன்று. அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டு, அம்மாவோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு விவேக் நகரில் ஒரு சந்துக்குள். ஒரே அறை, தகரக் கூரை. அம்மா சமையல் வேலை செய்தது ரிச்மண்ட் டவுனில், தனியாக இருந்த ஒரு பியானோ டீச்சர் வீட்டில். ஆங்கிலோ இந்தியர். சட்டைக்காரம்மா என்று சந்தில் சொல்வார்கள். அந்த வீட்டுக்கு ஒரு வாசனை உண்டு. மரத்துக்குப் பூசும் மெழுகும், முந்தாநாள் கேக்கும், நனைந்த நாயும் கலந்த வாசனை. நாய் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாசனை மட்டும் போகவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் வந்து பியானோவில் ஒரே பாட்டைத் தப்புத் தப்பாக வாசிப்பார்கள். நான் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டு, எந்த இடத்தில் தப்பு வரும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பேன்.

டீச்சரின் படுக்கை அறையில் ஈட்டி மரத்தில் ஒரு பீரோ. ஒரு கதவு முழுக்க ஆள் உயரக் கண்ணாடி. அம்மா தினமும் அதைத் துடைப்பாள். ஆனால் துடைக்கிற துணியை மட்டும்தான் பார்ப்பாள். வேலைக்குப் போன வீட்டில் கண்ணாடி பார்க்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

எங்களிடம் முக்கியமான காகிதம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இந்த மனை உங்களுக்கு என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த ஹக்குப் பத்திரம். அப்பா பேரில் இருந்தது. அப்பா இறந்த வருஷம் கூரை ஒழுகி அதன் ஒரு மூலை ஊறிப்போயிற்று. அம்மா பயந்துபோய், பிளாஸ்டிக்கில் சுற்றி டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் பீரோவின் கீழ் டிராயரைத் திறந்து, அடியில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கி, அதற்குக் கீழே வைத்துப் பூட்டினார். இங்கே மழை இல்லை, கரையான் இல்லை என்று அவருடைய தமிழில் சொன்னார். அதன் பிறகு அம்மா நன்றாகத் தூங்கினாள்.

கிறிஸ்மஸ் கழித்து டீச்சர் ஆஸ்திரேலியாவில் அண்ணன் மகனோடு போய் இருக்கப் போவதாகப் பேச்சு. அதற்குள் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மா இருந்துவிட்டாள். ஆகஸ்டில் அப்பாவுக்கு வருஷப் பூசை வைக்க ஆரணிப் பக்கம் அவர் ஊருக்குப் போனோம். போன இடத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல். இரண்டு வாரம் கழித்துத் திரும்பினால், வீடு காலி. டிக்கெட் சீக்கிரம் கிடைத்துவிட்டதாம், போய்விட்டாராம். வாட்ச்மேன் அம்மாவின் மாதச் சம்பளத்தையும் ஒரு ஜெபமாலையையும் கொடுத்து, சாமான்கள் எல்லாம் ஏலக் கூடத்துக்குப் போய்விட்டது என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பீரோ நின்ற சுவரில் பீரோ அளவுக்கு ஒரு வெள்ளை.

தசரா கழிந்ததும் குடிசை மாற்று போர்டு ஆட்கள் வந்து வீடு வீடாகக் கணக்கெடுப்பார்கள், பத்திரம் காட்டுகிறவர்களுக்குத்தான் சர்க்கார் கட்டித் தரப்போகும் மாடி வீட்டில் இடம் என்று சந்து முழுக்கப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது.

அம்மாவுக்கு ஒரே தம்பி. பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை. எங்களுக்கு ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எது என்றாலும் மாமாதான் பேசுவார். அம்மாவுக்கும் எனக்கும் வெளி ஆள் முன்னால் வாய் வராது. அம்மா அழுதுகொண்டே சொன்னதை மாமா நின்றபடியே கேட்டார்.

"பத்திரம்னு மட்டும் வாயத் தொறந்துடாதக்கா. அத்த எடுத்து உள்ள வெச்சிக்கினு, இன்னா குடுப்பேன்னு கேப்பான் ஏலக்காரன். கம்முனு பீரோவ எடுத்துட்டா, பத்திரமும் கூடவே வந்துரும்."

"கேட்டுத்தான் பாத்தா இன்னாடா?" என்றாள் அம்மா.

"யாரு கேக்கறது? நீயா?"

அத்தோடு பேச்சு முடிந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்த்துக் கற்றுக்கொள்ளப் போனோம். சர்ச்சில் பூசை முடிந்து அப்படியே நடந்து போனதால் அம்மா தலையில் முக்காடு இருந்தது. அந்தக் கூடத்தை எப்படிச் சொல்வது? கூரையில் அங்கங்கே கண்ணாடி ஓடு. அதன் வழியாக வெயில் கம்பு கம்பாக இறங்கி, தூசி அதில் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். நின்றுபோன கடிகாரங்கள் பதினைந்து இருபது இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு மணி. தொட்டில் மேல் தொட்டில். யார் வீட்டுப் பிள்ளையோ பல்லால் கடித்த தடம்கூட ஒரு தொட்டிலின் மரச் சட்டத்தில் இருந்தது. பேசினால் குரல் திரைச்சீலைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். பியானோ, மேசை, கட்டில் எல்லாம் முதுகில் நம்பர் ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் மாதிரிக் காத்திருக்கும்.

புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் விற்பனைக்குத்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே அதன் நம்பரைக் கூப்பிடுவார்கள். எழுந்து கொடுத்துவிட்டு வேறு நாற்காலி தேட வேண்டும். சாயங்காலம் ஆக ஆகக் கூட்டம் அப்படியே இருக்க, உட்கார இடம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஏலக்காரர் ஒல்லியானவர். விலையை இங்கிலீஷில் சொல்வார், கிண்டலைத் தமிழில், திட்டைக் கன்னடத்தில். முதலில் பெரிய விலையில் ஆரம்பித்து இறங்கிக்கொண்டே வருவார். யாராவது தலையாட்டும் இடத்தில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து மேலே ஏறுவார். ஏறி நிற்கும் இடத்தில் மூன்று தரம் சொல்லித் தட்டுவார். கால் பங்கு அங்கேயே கட்ட வேண்டும். மிச்சத்தைச் செவ்வாய்க்கிழமைக்குள் கட்டி, நம் வண்டியில் நாமே எடுத்துப் போக வேண்டும். பார்க்கிற நாள் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தொடக் கூடாது.

மாமாவுக்குப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க முடியவில்லை. பழகிக்கொள்ளலாம் என்று ஒரு தொப்பி ஸ்டாண்டுக்குக் கை தூக்கினார். நாற்பது ரூபாய் என்றார். நாற்பது, நாற்பது என்று ஏலக்காரர் திரும்பச் சொல்ல, வேறு யாரோ கேட்பதாக நினைத்து மாமா நாற்பத்தைந்து என்றார். நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து. மாமா ஐம்பது. கூடம் முழுக்கச் சிரித்தது.

"தம்பி, உன் தோள்மேல நீயே ஏறினா எப்படி? எறங்கிக்கோ," என்று ஏலக்காரர் நாற்பதுக்கே தட்டினார். எங்கள் சந்தில் தொப்பி போடுகிறவர் யாரும் இல்லை. மாமாவின் காக்கிச் சட்டைகள் அந்த ஸ்டாண்டில் ரொம்ப காலம் தொங்கின.

அடுத்த சனிக்கிழமை பார்க்கப் போனோம். டீச்சர் வீடு மொத்தமும் ஒரு மூலையில் குவிந்திருந்தது. அந்த வாசனையும் கூட வந்திருந்தது. பீரோ பூட்டியிருந்தது. குமாஸ்தா மேல் கதவைத் திறந்து காட்டிவிட்டு மூடினார். கீழ் டிராயரைத் திறக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று நாங்கள் கேட்கவில்லை. மாமா பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தார். சிவாஜி நகரில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஒரு சாய்பு தாடியைத் தடவிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"க்யா தம்பி, பொண்ணு பாக்க வந்தாப்பல பாக்கறே? இப்பிடிப் பாத்தா வெல ஏறாம இன்னா செய்யும்?" என்றார்.

மாமா வெட்கப்பட்டு ஒரு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். சாய்புக்கு அம்மாவைத் தெரியும். டீச்சர் வீட்டுக்கு வந்து பழைய கடிகாரம் கேட்டிருக்கிறார். சமையல்காரி வந்து பீரோவுக்குக் கை தூக்கினால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். அதனால் அம்மா விலை கேட்கக் கூடாது என்று முடிவாயிற்று. மாமா முன் வரிசையில் உட்காருவார், அம்மா கடைசியில். பின்னால் திரும்பிப் பார்த்தால் மாமா காட்டிக்கொடுத்துவிடுவார். ஆகவே பக்கத்தில் நான். நான் யாரையும் நேரே பார்க்காத பிள்ளை. நான் எங்கே பார்க்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. அம்மா தலையில் முக்காடு இருக்கிற வரைக்கும் மாமா கேட்கலாம். முக்காடு விழுந்தால் நான் மாமாவின் சட்டையை இழுக்க வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அம்மாவிடம் இருந்தது ஆயிரத்து இருநூறு.

ஞாயிற்றுக்கிழமை லேசான தூறல். கூடத்துக்குள் வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது. டீச்சரின் சாமான்கள் ஒவ்வொன்றாகப் போயின. பியானோவை ஒரு ஓட்டல்காரர் எடுத்தார். பியானோ வாசிக்கும்போது தாளம் தட்டுகிற மரப்பெட்டியை ஒருவர் முடுக்கிப் பார்க்க, அது நடு ஏலத்தில் டிக் டிக் என்று ஆரம்பித்துவிட்டது. பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். நான் உட்கார்ந்திருந்தது பியானோ முக்காலி. அதன் நம்பரும் வந்தது. எழுந்து கொடுத்துவிட்டு, மாமா பக்கத்தில் நின்றேன்.

பிறகு இரண்டு ஆட்கள் பீரோவை நகர்த்தி, கண்ணாடியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்கள். கூடம் இரண்டாயிற்று. அந்தப் பக்கத்திலும் ஒரு கூரை, ஒரு தூறல், ஒரு கூட்டம். அதன் கடைசியில், கடிகாரங்களுக்குக் கீழே, தலையில் வெள்ளை முக்காட்டோடு சின்னதாக அம்மா. நான் பின்னால் திரும்பவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாயிரம் என்று ஆரம்பித்து அறுநூறு வரை இறங்கினார். மாமா தலையாட்டினார். சாய்பு ஒரு விரல் தூக்கினார். எழுநூறு, எண்ணூறு. நடுவில் யாரோ ஒரு பெண் கேட்டார், ஆயிரத்தில் விலகிக்கொண்டார். பிறகு மாமாவும் சாய்பும் மட்டும். ஆயிரத்து இருநூறு என்று மாமா சொன்னபோது அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. சாய்பு ஐம்பது ஏற்றினார்.

கண்ணாடிக்குள் அம்மா முக்காட்டை மெதுவாகத் தோளில் இறக்கினாள்.

நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். மாமா நேரே பார்த்துக்கொண்டு என் கைக்காகக் காத்திருந்தார். அவர் சட்டை என் விரலுக்கு ஒரு சாண் தூரம். நான் வாழ்நாளில் அம்மா சொன்னதை மீறியதில்லை. ஆனால் அந்தக் கை அன்றைக்கு யாருடைய கையோ மாதிரி கிடந்தது. மாமா ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆயிரத்து முந்நூறு என்றார். சாய்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்று தரம் சொல்லித் தட்டும் சத்தம் கேட்டது.

வெளியே வந்ததும் அம்மா முக்காட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். கண்ணாடியில் தூசி, சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அம்மாவின் காதுக் கம்மல் போயிற்று. செவ்வாய்க்கிழமை காதில் விளக்குமாற்று ஈர்க்கைச் செருகிக்கொண்டு மிச்சப் பணத்தைக் கட்டினாள். ஏலக்காரர் சாவியைக் கொடுத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து டிராயரைத் திறந்து, காகிதத்தைத் தூக்கினாள். பிளாஸ்டிக் சுற்று அப்படியே இருந்தது. அம்மா அதை மார்போடு வைத்துக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதாள். ஏலக்காரர் என்ன என்று கேட்டார். மாமா சொன்னார்.

ஏலக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, சாமான்தான் ஏலத்துக்கு. உள்ள கெடக்கற உன் காயிதம் எனக்கு எதுக்கு? சனிக்கிழமை ஒரு வார்த்த கேட்டிருந்தா சும்மாவே எடுத்துக் குடுத்திருப்பேனே."

மாமா தொப்பி ஸ்டாண்டு வாங்கிய நாளைவிட அதிகமாகத் தலை குனிந்தார். அடுத்த வாரமே பீரோவைத் திரும்ப ஏலத்தில் வைத்துத் தருகிறேன், கமிஷன் வேண்டாம் என்று ஏலக்காரர் சொன்னார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாங்க. நாலு பேர் எதிருல எடுத்தது," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று மாமா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை. அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்தது எல்லாம் யாரோ கழித்துக் கொடுத்தது. இது அவள் வாங்கியது.

கைவண்டியில் சந்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பீரோ எங்கள் கதவுக்குள் நுழையாது என்று. படுக்க வைத்தும் பார்த்தோம், சாய்த்தும் பார்த்தோம். கதவை அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் வீட்டுச் சுவர் ஓரமாகச் சந்திலேயே நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டினோம்.

அப்புறம் வந்தது ஒரு விசித்திரமான காலம். எங்கள் சந்தில் எல்லாரிடமும் இருந்தது உள்ளங்கை அளவுக் கண்ணாடிதான். நெற்றி தெரிந்தால் வாய் தெரியாது. அவர்கள் முழு ஆளாகத் தங்களைப் பார்த்தது அந்த மழைக்காலத்தில்தான். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வந்து நின்று புடவைக் கொசுவத்தைச் சரி செய்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு போகிற பெண்கள் ஒரு நடை நின்று, தாங்கள் குடம் தூக்குவதைத் தாங்களே பார்த்தார்கள். வேலைக்குக் கிளம்பும் ஆண்கள் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். மழை விட்ட சாயங்காலங்களில் வானம் முழுக்க அதில் இறங்கி நிற்கும். சந்து அங்கே முடியாமல் இன்னும் நீண்டு போகிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்துச் சந்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு மரம் ஊறிக் கதவு மூடவில்லை, கண்ணாடியில் கறுப்புப் படர்ந்தது. கண்ணாடி மட்டும் சாய்புவிடமே போயிற்று.

பீரோ வந்த புதிதில் ஒரு நாள் அம்மா அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து எனக்குத் தலை பின்னினாள். அவள் முகம் என் தலைக்கு மேல் தெரிந்தது. இரண்டு காதிலும் ஈர்க்கு.

"அன்னிக்கு என் முக்காடு வுழுந்தத நீ பாத்தே," என்றாள்.

நான் தலையைக் குனிந்தேன். அவள் பிடித்து நிமிர்த்தினாள்.

"உன் கண்ணு கண்ணாடியில என்னப் பாத்துச்சு. நானும் உன்னப் பாத்துக்கினுதான் இருந்தேன்."

பின்னலை இறுக்கினாள். வலித்தது. அடிப்பாள் என்று நினைத்தேன்.

"ஏன் சொல்லல?"

"வீடு போயிரும்னு பயந்துட்டேன்மா."

அம்மா வெகு நேரம் ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தாள். "அந்த ஏலக்காரன வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல நான். நீயும் என்ன மாதிரியே ஆயிடாதே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இதை நான் என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அந்த வருஷமே தசரா கழிந்து ஒரு வாரத்தில் போர்டு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கையில் பெரிய ரிஜிஸ்டர், இன்னொருவர் கையில் சுண்ணாம்பு டப்பாவும் குச்சியும். நம்பர் போட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமா அன்றைக்கு லீவு போட்டிருந்தார். வழக்கம்போல் முன்னால் போய் வணக்கம் வைத்து, இது எங்க அக்கா வீடு சார் என்று ஆரம்பித்தார். அம்மா அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் நகர்த்தினாள். ரவிக்கைக்குள் இருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினாள். அது வேர்வையில் துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது.

ரிஜிஸ்டர்காரர் அப்பாவின் பேரைப் படித்தார். ஆள் எங்கே என்றார்.

"தீர்ஹோகிதாரே," என்றாள் அம்மா. இறந்துவிட்டார் என்று. சந்தையில் காய் வாங்கக் கற்ற கன்னடம்தான். இந்த வார்த்தையை எங்கே கற்றாளோ.

"நிம்ம ஹெசரு?"

உன் பேர் என்ன என்று கேட்டார். சந்து முழுக்க நின்றது. எங்கள் அம்மாவை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா பேரைச் சொல்லி அவன் பெண்டாட்டி என்பார்கள், என் பேரைச் சொல்லி இவள் அம்மா என்பார்கள், டீச்சர் ஆயா என்பார். அம்மா சொன்னாள். அவர் காதில் சரியாக விழவில்லை, பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அம்மா இன்னொரு தரம் சொன்னாள். இந்தத் தரம் சந்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. அவர் அப்பாவின் பேருக்கு நேராக அதை எழுதினார்.

எட்டு வருஷம் கழித்து அந்தப் பேருக்கு ஒரு மாடி வீடு வந்தது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.